கப்பலுக்கு முந்தின ராத்திரி சென்னையில் எங்கே தங்கலாம்?

சென்னையில் கப்பல் ஏறப்போகிறவர்கள் டிக்கெட் போட்ட கையோடு தேடுவது ஹார்பர் பக்கத்தில் ஒரு ஹோட்டல். வரைபடத்தில் துறைமுகத்தை ஒட்டி எந்தப் புள்ளி இருக்கிறதோ அதைத் தொட்டு, நாலு படம் பார்த்து, பணமும் கட்டிவிடுகிறார்கள். இந்த ஊரிலேயே இருப்பதால் மதுரை, திருநெல்வேலி, கோவை என்று பல ஊர்ச் சொந்தக்காரர்களுக்கு அறை பார்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு அடிக்கடி வரும். அந்த அனுபவத்தில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முந்தின நாளே சென்னைக்கு வந்துவிடுங்கள், அதில் யோசனையே வேண்டாம். ஆனால் துறைமுக வாசலில்தான் படுக்க வேண்டும் என்ற அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. எழும்பூர், சென்ட்ரல் வட்டாரம்தான் எல்லா வகையிலும் வசதி. யாருக்கு அது ஒத்துவராது, அவர்கள் வேறு எங்கே தங்கலாம் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், ஏன் முந்தின நாள்? 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் இங்கிருந்து புறப்பட ஆரம்பித்த பிறகுதான் சொகுசுக் கப்பல் என்பது நம் ஊர்க் குடும்பங்களின் விடுமுறைத் திட்டத்துக்குள் வந்தது. மறு வருடம் அதே ஜூனில் இலங்கைக்கும் ஓட ஆரம்பித்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று துறைமுகங்கள். மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில்தான் பெரும்பாலும் அந்தக் கப்பல் மும்பையை விட்டு நம் பக்கம் வரும். அதாவது ஜூனில் இருந்து செப்டம்பர் வரை. சென்னையில் அப்போது பகலெல்லாம் வெயில் கொளுத்தும். சாயங்காலம் மேற்கே கறுத்து, ராத்திரி இடியோடு ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும். அந்த இரண்டு மணி நேர மழையில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும், விமானங்களைப் பெங்களூருக்குத் திருப்பி விடுவார்கள், மறுநாள் காலை வரை நகரம் அதன் பலனை அனுபவிக்கும். இப்படிப்பட்ட ஊரில், கப்பல் கிளம்புகிற அன்றே விமானத்தில் வந்து இறங்கி நேரே ஏறிவிடலாம் என்று நம்புவது பெரிய பந்தயம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்படும் நேரம் வேறு, போர்டிங் முடியும் நேரம் வேறு. பயணிகள் பட்டியலை முன்கூட்டியே முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதால், கப்பல் நகர்வதற்கு நெடுநேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அதற்கு முன்னால் துறைமுக வாசலில் பாதுகாப்புச் சோதனை, அடையாள அட்டை சரிபார்ப்பு, பெட்டிகளை ஸ்கேன் செய்வது, இலங்கைப் பயணமென்றால் குடியேற்றச் சோதனை என்று வரிசையாக நிற்க வேண்டியிருக்கும். ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயில் உண்டு. கப்பலைத் தவறவிட்டால் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பி வராது. நாலு பேர் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று கணக்குப் போட்டால், ஒரு ராத்திரி அறை வாடகை ஒரு செலவாகவே தோன்றாது.

சரி, இப்போது இடங்களுக்கு வருவோம்.

ஹார்பர் பக்கம்: பாரிமுனை, மண்ணடி, பிராட்வே

மற்ற நாடுகளின் துறைமுகப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், இங்கேயும் ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரிகிற மாதிரி ஹோட்டல்கள் வரிசையாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். சென்னையில் அப்படி ஒரு தெரு கிடையாது. துறைமுகத்தை ஒட்டி ஓடும் ராஜாஜி சாலையில் இருப்பவை ரிசர்வ் வங்கி, ஜி.பி.ஓ. என்கிற தலைமைத் தபால் நிலையம், சுங்க இல்லம், ஸ்டேட் வங்கியின் பழைய செங்கல் கட்டடம், எதிரே பீச் ஸ்டேஷன், பர்மா பஜார். எல்லாம் ஆபீஸ் நேரத்து உலகம். ராத்திரி கடைகளை அடைத்துவிட்டால் சாலையில் கன்டெய்னர் லாரிகளும் தெருவிளக்கும்தான். தங்கும் இடங்கள் இருப்பது அதற்குப் பின்னால் இருக்கிற தெருக்களில்: மண்ணடி, பிராட்வே, தம்புச்செட்டித் தெரு, சவுகார்பேட்டையின் ஓரம். அவற்றில் பெரும்பாலானவை வியாபாரிகளுக்கான லாட்ஜுகள். சரக்கு எடுக்க வருகிறவர் ஒரு ராத்திரி தலைசாய்க்கப் போதுமான அறை.

வாடகை குறைவு, துறைமுகம் ஆட்டோவில் சில நிமிடம். இந்த இரண்டும் உண்மையான லாபங்கள்தான். தனி ஆளாக ஒரு பையோடு வருகிறவருக்கும், நண்பர்கள் நாலு பேராக வருகிறவர்களுக்கும் நான் தயங்காமல் மண்ணடியைச் சொல்வேன். மெட்ரோ ஸ்டேஷன் வாசலிலேயே இருக்கிறது. ஏர்போர்ட்டில் ஏறினால் நீல வழித்தடத்தில் மாறாமல் நேராக வந்து இறங்கலாம். ராத்திரி சாப்பாட்டுக்கும் இந்த வட்டாரத்துக்கு ஈடு கிடையாது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே செகண்ட் லைன் பீச் பக்கம் போனால் பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ கடைகள் இருக்கின்றன. மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், மறுநாள் கடலில் போகிறவர்கள் அளவாகச் சாப்பிடுவது நல்லது. இன்னொரு பக்கம் மின்ட் தெருவில் நெய் வடிகிற டிபனும் வட இந்தியப் பலகாரமும். தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோவில். 1677-ல் சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டதாகச் சொல்லும் தலம். பயணத்துக்கு முன் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் கோவில் கிடைக்காது.

ஆனால் வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் பெரிய பெட்டிகளுமாக ஒரு குடும்பம் வருகிறது என்றால், இந்தத் தெருக்களில் தங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. காலை 9 மணிக்குப் பிராட்வே பக்கம் ஒருமுறை வந்து பாருங்கள். மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒரு பக்கம் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும், எதிரே லோடு ஆட்டோ திரும்ப முடியாமல் நிற்கும், நடுவில் தலைச்சுமையோடு ஆட்கள் புகுந்து போவார்கள். கால் டாக்ஸி லாட்ஜ் வாசலுக்கு வர முடியாமல் தெருமுனையிலேயே நின்றுகொண்டு போன் அடிக்கும். சக்கரம் வைத்த பெட்டியை அந்தத் தெருவில் உருட்டவும் முடியாது, தூக்கவும் முடியாது. துறைமுகம் ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் அதில் முதல் முந்நூறு மீட்டரே கால் மணி நேரத்தை விழுங்கிவிடும். பழைய லாட்ஜுகளில் லிஃப்ட் இல்லாத கட்டடங்களும் நிறைய. மூட்டு வலிக்காரருக்கு இரண்டாவது மாடியில் அறை என்றால், கிலோமீட்டர் குறைந்ததால் என்ன பயன்?

எழும்பூர், சென்ட்ரல், பெரியமேடு

தென் மாவட்ட ரயில்களில் பெரும்பாலானவை எழும்பூருக்கும், கோவை, சேலம் பக்கத்து ரயில்களில் பெரும்பாலானவை சென்ட்ரலுக்கும் வருகின்றன. இரண்டுமே துறைமுகத்தில் இருந்து ஏறக்குறைய 4, 5 கிலோமீட்டர்தான். முந்தின நாள் வந்து இறங்கியதும் பெட்டியை ரொம்பத் தூரம் இழுக்க வேண்டியதில்லை என்பது முதல் வசதி. கென்னத் சந்து லாட்ஜுகளில் ஆரம்பித்து, எழும்பூர் நெடுஞ்சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்து மூன்று நட்சத்திர ஹோட்டல்கள் வரை எல்லா விலையிலும் அறை கிடைப்பது இரண்டாவது. ஏ.சி. இரட்டை அறை லாட்ஜ் தரத்தில் தோராயமாக 1,500-ல் இருந்து 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும். நல்ல ஹோட்டல் என்றால் 3,500, 5,000 என்று போகும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கும் 7,900 ரூபாய் அறைக்கும் நடுவில் ஊசலாடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இந்த வட்டாரத்தை நான் முதலிடத்தில் வைப்பதற்கு முக்கியக் காரணம், ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி இருப்பது. கப்பல் நாள் காலையில் மழை கொட்டி டாக்ஸி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். சென்ட்ரல் மெட்ரோவில் இருந்து ஹைகோர்ட்டைத் தாண்டினால் மண்ணடி, இரண்டே ஸ்டேஷன். எழும்பூரில் தங்கினால் பச்சை வழித்தடத்தில் சென்ட்ரல் வந்து மாறிக்கொள்ளலாம். லிஃப்ட், எஸ்கலேட்டர் இருப்பதால் பெட்டியோடு ஏறி இறங்குவது சிரமமில்லை. அல்லது எழும்பூரில் புறநகர் ரயில் ஏறினால் பார்க், கோட்டை, அப்புறம் பீச் ஸ்டேஷன். சாலை ஒழுங்காக இருந்தால் ஆட்டோவே போதும். துறைமுகம் முதல் மதுரவாயல் வரை பறக்கும் சாலை வேலை நடப்பதால் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் கூவம் கரையோரமும் அங்கங்கே வண்டிகள் தேங்கும். நெரிசல் எங்கே என்று பார்த்து ஆட்டோக்காரரே பாதையை மாற்றுவார், அதை அவரிடம் விட்டுவிடலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை அவரிடம் விடக்கூடாது. ராஜாஜி சாலை நெடுகத் துறைமுகத்துக்குப் பல கேட்டுகள் இருக்கின்றன. "ஹார்பர் போகணும்ணே" என்று சொன்னால் எந்த கேட்டில் வேண்டுமானாலும் கொண்டுபோய் இறக்கிவிடுவார். தப்பான கேட்டில் இறங்கினால் லாரிகளுக்கு நடுவே பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி நடக்க வேண்டும். போர்டிங் பாஸோடு வரும் குறிப்பில் எந்த கேட் என்று போட்டிருக்கும். அதை முந்தின ராத்திரியே பார்த்து, ஏறும்போதே கேட் நம்பரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். வண்டியை உள்ளே எதுவரை விடுவார்கள் என்பதும் அதே குறிப்பில் இருக்கும்.

எழும்பூர் லாட்ஜுகளில் இன்னொரு பெரிய லாபம், 24 மணி நேர செக்-அவுட். ஹோட்டல்களில் பகல் 12 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். நீங்கள் முந்தின நாள் எத்தனை மணிக்கு வந்தாலும் அதே 12-தான். லாட்ஜுகளில் பல இடங்களில் உள்ளே வந்த நேரத்தில் இருந்து 24 மணி. முந்தின நாள் பிற்பகல் 2 மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் 2 மணி வரை உங்கள் அறை. கப்பலில் ஏற உங்களுக்குக் கொடுத்திருக்கும் நேரம் பிற்பகல் என்றால், இந்த இரண்டு மணி நேரம் வயதானவர்களுக்குப் பெரிய நிம்மதி. நிதானமாகக் குளித்து, டிபன் முடித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுக் கிளம்பலாம். 12 மணி ஹோட்டல்தான் என்றால் ரிசப்ஷனில் பெட்டியை வைத்துவிட்டு லாபியில் உட்கார விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. கென்னத் சந்தில் ராத்திரி முழுக்க ஆட்கள் வந்துபோகிற சத்தம் இருக்கும். பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பார்த்த அறை என்றால் ஹாரன் சத்தம் காதைத் துளைக்கும். ரோட்டுப் பக்கம் வேண்டாம், பின்பக்கம் அறை கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். சில பழைய லாட்ஜுகளில் வெந்நீர் காலையில் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டும்தான் வரும், அதையும் கேட்டுவையுங்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஸ்டேஷனிலேயே இருக்கும் ஓய்வறைகளும் உண்டு. உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் 12 மணி, 24 மணி என்று எடுக்கலாம். கிடைத்தால் விலைக்கு மிக நல்ல அறை. ஆனால் எண்ணிக்கை குறைவு, விடுமுறை நாட்களில் சீக்கிரமே தீர்ந்துவிடும். இதை நம்பி வேறு ஏற்பாடு செய்யாமல் இருந்துவிடாதீர்கள்.

ஏர்போர்ட், கிண்டி பக்கம்

ராத்திரி 10 மணிக்கு மேல் விமானத்தில் இறங்குகிறவர்களுக்கு மட்டும் இது சரியான இடம். அந்த நேரத்தில் களைத்துப்போய் 15 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து எழும்பூரில் அறை தேடுவதைவிட, மீனம்பாக்கத்திலோ கிண்டியிலோ படுத்துவிட்டுக் காலையில் கிளம்பலாம். அறை வாடகை கூடுதல், அறைகள் பொதுவாக நன்றாகவும் இருக்கும். காலையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி வரை அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். டாக்ஸி என்றால் கத்திப்பாரா, அண்ணா சாலை, காலை நெரிசல் எல்லாம் சேர்ந்து எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நிறையப் பெட்டிகளோடு வருகிறவர்கள் டாக்ஸியில்தான் போக வேண்டும் என்றால், போர்டிங்குக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். பகலில் இறங்கும் விமானத்தில் வருகிறவர்கள் இந்தப் பக்கம் தங்குவதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

உறவுக்காரர் வீடு

தாம்பரத்தில் சித்தி வீடு இருக்க, ஆவடியில் பெரியப்பா வீடு இருக்க, ஹோட்டலில் போய்த் தங்குவதா என்பது நம் குடும்பங்களில் எப்போதும் வரும் கேள்வி. இது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை, மனத்தாங்கல் சம்பந்தப்பட்டது. அதனால் யோசித்துத்தான் சொல்கிறேன்: கப்பலுக்கு முந்தின ராத்திரி வேண்டாம்.

உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் பேசாமல் படுக்க முடியாது, படுக்கவும் கூடாது. எத்தனையோ மாதம் கழித்துப் பார்க்கிறோம். ராத்திரி 12 மணி வரை பேச்சு ஓடும். காலையில் சித்தி எழுந்து இட்லி ஊற்றி, பொங்கல் வைத்து, வழிக்குப் புளியோதரையும் கட்டிக் கொடுப்பார். "இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்கம்மா, கப்பல் எங்கயும் போயிடாது" என்பார். அந்த அன்பை அவசரப்படுத்துவது நமக்கும் கஷ்டம், அவருக்கும் வருத்தம். அதோடு, கட்டிக் கொடுத்த புளியோதரையைக் கப்பலுக்குள் கொண்டுபோகவும் முடியாது. வெளிச்சாப்பாட்டைப் பொதுவாக அனுமதிப்பதில்லை.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. தாம்பரத்தில் இருந்து பீச் வரை புறநகர் ரயில் 10 ரூபாய்தான், ஆனால் காலை 8 மணிக்கு மேல் அதில் பெட்டியோடு ஏறுவது நடக்காத காரியம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு. ஆனால் அன்றைக்குத்தான் தண்டவாளப் பராமரிப்புக்காகப் பல ரயில்களை ரத்து செய்வார்கள். காரில் வந்தால் தாம்பரம் வழியாக வரும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையின் நெரிசல்.

திரும்பி வருகிற நாளில் சித்தி வீட்டுக்குப் போங்கள். கப்பல் காலையில் கரைக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகு ஓட வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை. கப்பல் கதையெல்லாம் சொல்லி, மத்தியானம் சாப்பிட்டு, ராத்திரி ரயிலுக்குத் தாம்பரத்திலேயே ஏறிக்கொள்ளலாம். தென் மாவட்ட ரயில்களில் பல அங்கே நிற்கும். இப்படிப் போன் செய்து விளக்கிச் சொன்னால் யாரும் மனம் நோக மாட்டார்கள்.

சென்னைக்குள்ளேயே தூரத்தில் இருப்பவர்கள் சிலரும் முந்தின ராத்திரி எழும்பூரில் தங்கலாம் என்று நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஒன்று மட்டும்: சில லாட்ஜுகளில் உள்ளூர் முகவரி போட்ட ஆதாரைக் காட்டினால் அறை தர மாட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன் போனில் கேட்டுவிடுங்கள்.

அன்று காலை ரயிலிலேயே வந்து இறங்கினால்?

ராத்திரி ரயிலில் தூங்கிக்கொண்டே வந்தால் அறைச் செலவு மிச்சம் என்று கேட்கிறவர்கள் நிறைய. பாண்டியன், மலைக்கோட்டை, நெல்லை, முத்துநகர் எல்லாம் காலையில் எழும்பூர் வந்துவிடும். போர்டிங் மத்தியானம்தான் என்றால் ஐந்தாறு மணி நேரம் கையில் இருக்கிறது. இளவயதுக்காரர்கள் இதைச் செய்யலாம், ரயில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமானாலும் சமாளித்துவிடலாம். ஆனாலும் குளித்து உடை மாற்ற ஒரு அறை தேவைப்படும். அதற்கும் அரை நாள் வாடகை கேட்பார்கள். மிச்சமாவது அவ்வளவு பெரிய தொகை இல்லை.

பெரியவர்களுக்கு இது வேண்டாம் என்பேன். ஸ்லீப்பர் பெர்த்தில் அரைத்தூக்கம், காலையில் அலைச்சல், வரிசையில் நிற்பது எல்லாம் சேர்ந்து, கப்பலில் முதல் நாள் முழுக்கப் படுத்தே கிடப்பார்கள். தூக்கம் கெட்டு, வயிறும் சரியில்லாமல் கடலில் இறங்கினால் குமட்டல் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு பணம் கொடுத்து ஏறிய கப்பலில் முதல் சாயங்காலம்தான் எல்லாவற்றிலும் அழகு. துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர் பின்னால் போக, மெரினாவும் கலங்கரை விளக்கமும் சின்னதாகிக்கொண்டே வரும். அதை மேல்தளத்தில் நின்று பார்க்கத் தெம்பு வேண்டும்.

இதற்கு நல்ல மாற்று, முந்தின நாள் பகல் ரயில். திருநெல்வேலியில் காலை 6 மணிவாக்கில் கிளம்பும் வந்தே பாரத் மதுரை, திருச்சி வழியாகப் பிற்பகலில் எழும்பூர் வந்துவிடும். கோவை வந்தே பாரத் மத்தியானமே சென்ட்ரலில் இருக்கும். அறையில் பெட்டியை வைத்துவிட்டு, சாயங்காலம் மெரினா போய்வந்து, 9 மணிக்கெல்லாம் படுத்துவிடலாம். கப்பல் நாளன்றே இந்த ரயில்களில் வருவதற்கு மட்டும் நான் உடன்படவே மாட்டேன். வழியில் ஒரு சின்னத் தடங்கல் வந்தால் போதும், எல்லாம் கெட்டுவிடும்.

பஸ்ஸில் வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தென் மாவட்ட அரசு விரைவுப் பேருந்துகளும் ஆம்னி பஸ்களில் பலவும் இப்போது ஊருக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து துறைமுகம் 35 கிலோமீட்டருக்குக் குறையாது. மாநகரப் பேருந்தில் ஏர்போர்ட் வரை வந்து மெட்ரோ பிடிப்பதுதான் நம்பகமான வழி.

அந்தமான் கப்பலுக்கு வருகிறவர்கள்

சொகுசுக் கப்பலுக்குச் சொன்னதெல்லாம் இதற்குப் பொருந்தாது. அந்தமானுக்கு ஓடும் அரசுப் பயணிகள் கப்பல் கடலில் ஏறக்குறைய மூன்று நாள் போகும். அதன் கால அட்டவணை அடிக்கடி மாறும். வானிலை, கப்பலின் பராமரிப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒரு நாள் தள்ளிப்போவது சாதாரணம். அதனால் ஒரே ராத்திரிக்கு விலை கூடின அறை எடுப்பதைவிட, தேவைப்பட்டால் இன்னொரு நாள் நீட்டிக்கக்கூடிய மண்ணடி, பிராட்வே லாட்ஜ்தான் இவர்களுக்கு ஏற்றது. ராஜாஜி சாலை ஜவஹர் பில்டிங்கில் இருக்கும் ஷிப்பிங் கார்ப்பரேஷன் அலுவலகத்துக்கு நடந்தே போய் நேரத்தை உறுதி செய்துகொள்ளலாம். இந்த ஒரு வகைப் பயணிகளுக்கு ஹார்பர் பக்கம்தான் என் முதல் பரிந்துரை.

அறை எடுக்கும் முன் போனில்

இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன் அந்த ஹோட்டலுக்கு ஒரு போன் போடுங்கள். லிஃப்ட் வேலை செய்கிறதா, அறையில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, கார் வாசல் வரை வருமா, செக்-அவுட் 12 மணியா 24 மணியா. இந்த நாலு கேள்விக்கும் ரிசப்ஷனில் இருப்பவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே அந்த இடம் எப்படி என்று பாதி தெரிந்துவிடும். "வாங்க சார், பாத்துக்கலாம்" என்று மழுப்பினால் நான் அடுத்த இடத்துக்கு அடித்துவிடுவேன்.

ராத்திரியே பெட்டியை இரண்டாகப் பிரித்து வைப்பதும் நல்லது. கப்பலில் பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொண்டு பிறகுதான் அறைக்கு அனுப்புவார்கள். அறையும் ஏறிய உடனே தயாராக இருக்காது. மாத்திரை, அடையாள அட்டை, குழந்தைக்கு மாற்று உடை, இலங்கைப் பயணமென்றால் பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். அயர்ன் பாக்ஸ், கெட்டில், மெழுகுவர்த்தி, சூடம் போன்றவற்றைக் கப்பலில் தீ பயத்தால் வாங்கி வைத்துவிடுவார்கள். சாமி கும்பிடுகிறவர்கள் அதைக் கரையிலேயே முடித்துக்கொள்ளலாம்.

திரும்பும் நாளுக்கு வெளியூர்க்காரர்கள் இன்னும் ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும். காலையில் கரை இறங்கி, ராத்திரி ரயில் வரை பெட்டியோடு சுற்ற முடியாது. உறவுக்காரர் வீடு இல்லையென்றால் போகும்போது தங்கிய லாட்ஜிலேயே, இன்ன தேதி காலை வருவோம், சாயங்காலம் வரை ஒரு அறை வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தெரிந்த முகம் என்பதால் அரை வாடகைக்குப் பேசி முடிக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் சென்ட்ரல் கிளாக் ரூமில் பெட்டிகளைப் போட்டுவிடலாம்; ரயில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும், பெட்டிக்குப் பூட்டு கட்டாயம்.